காப்புரிமை தரச்சான்று அல்ல

நம்பிக்கை: ஒரு பொருளுக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டால், அது வேலை செய்யும் என்று அரசே உறுதி சொன்ன மாதிரி.

உண்மை: காப்புரிமை அலுவலகம் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயங்கள். கண்டுபிடிப்பு புதியதா, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடக்கூடியதா, தொழிலில் பயன்படுத்த முடியுமா?  பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருளை யாருக்கும் போட்டுப் பார்த்துச் சோதிப்பதில்லை. காயக்கட்டு போன்ற மருத்துவப் பொருள் பாதுகாப்பானதா என்று பார்ப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பு. இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொக்கிக்கோ சூடேற்றும் அமைப்புக்கோ காப்புரிமை இருக்கலாம். ஆனால் குறைவது உடம்பின் நீர்தான், கொழுப்பு அல்ல. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும்.

நம்பிக்கை: மஞ்சளின் காப்புரிமை அமெரிக்காவிடம் இருக்கிறது.

உண்மை: இருந்தது; இப்போது இல்லை. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டி மறுஆய்வு கேட்டது. 1997-ல் காப்புரிமை ரத்தானது.

நம்பிக்கை: புண்ணைக் காற்றாட விட்டால்தான் சீக்கிரம் ஆறும்.

உண்மை: 1962-ல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோல் காயங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்கு, அடியில் வளரும் தோலுக்குத் தடையாக நிற்கிறது. இன்றைய நவீன காயக்கட்டுகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஆனால் சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்றால், எந்தக் கட்டையும் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பயிருக்குப் பூச்சிமருந்து அடித்தால் ஆபத்து இல்லை.

உண்மை: எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூச்சிமருந்து மூச்சு வழியாக மட்டும் ஏறுவதில்லை. தோல் வழியாகவும் ஏறுகிறது. சாதாரணப் பருத்தித் துணி அதை உறிஞ்சி, நனைந்தபடியே உடம்போடு ஒட்டவைத்துவிடும். பிளாஸ்டிக் உடை தடுக்கும்தான். ஆனால் உச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு யார் வேலை செய்வது?

பெங்களூர் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. பிரவீன் குமார் வெமுலா குழுவின் துணி மருந்தைத் தடுத்து நிறுத்துவதோடு விடுவதில்லை, அதைச் சிதைத்துவிடுகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து நரம்புக்கும் தசைக்கும் இடையில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குகிறது. இப்படிப் பாதிக்கப்பட்டு வருகிறவர்களுக்கு மருத்துவமனையில் ஏற்றும் முறிமருந்துகளில் ஒன்று பிராலிடாக்சைம். அதை ஒட்டிய ஒரு மூலக்கூறைப் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பால் சேர்த்திருக்கிறார்கள். துணியில் படும் துளி உடம்பை எட்டுவதற்குள் உடைந்துபோகிறது. செபியோ ஹெல்த் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இந்த உடை 'கிசான் கவச்' என்ற பெயரில் 2024 டிசம்பர் 17 அன்று வெளியிடப்பட்டது. துவைத்துத் துவைத்துப் போடலாம். வெளியிட்டபோது விலை 4,000 ரூபாய்.

இந்த உடைக்கும் எல்லை உண்டு. இதைப் பற்றி 2024-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டும் பாதுகாப்பு எலிகளில் கண்டது. உடைக்க ஏதுவான பிணைப்பு உள்ள மருந்துகளில்தான் இந்த வேதியியல் எடுபடும். பாராகுவாட் களைக்கொல்லி அந்த வகை அல்ல. மருந்தடிப்பவர் பல இடங்களில் கூலியாள். அவ்வளவு பணம் அவர் கையிலிருந்து வராது. நிலத்துக்காரரோ கூட்டுறவுச் சங்கமோதான் வாங்கித் தர வேண்டும். இன்னொன்று: மருந்தின் வீரியம் மிக அதிகமாக இருப்பது டப்பாவைத் திறந்து தண்ணீரில் கலக்கும் நேரத்தில். வெறுங்கையை விட்டுக் கலக்கினால் சட்டை உதவாது. ரப்பர் கையுறை வேண்டும்.