பழைய வண்டி என்றால் அரைகுறை வேலை போதுமா?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன். சொந்த உபயோகத்துக்காக 2008-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஹீட்டர் போட்டால் முன்கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் புகை படிந்தது. முன்சீட்டுக் கீழே கார்பெட் நனைந்து, ஒரு இனிப்பு வாடையும் வந்தது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் கோரை மாற்றி 16,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே ஈரம், அதே வாடை. பர்லியாறு தாண்டி மலை ஏறும்போது இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. அதே ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போனேன். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று என்னைக் கேட்காமலே பிரித்து வேலை செய்துவிட்டு, 41,000 ரூபாய் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். ‘பழைய வண்டிக்கு கேரண்டி இல்லை என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்’ என்கிறார்கள். என்ன வழி?

பதில்: வண்டி பழையது என்பதால் ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பு குறைந்துவிடாது. பழைய வண்டி என்று தெரிந்துதான் வேலையை எடுத்தார்கள், கூலியும் வாங்கினார்கள். எடுத்த வேலையை உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்யவில்லை என்றால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. பில்லில் அச்சடித்த அந்த வரியைக் கண்டு கலங்க வேண்டாம். வேலை முடிந்தபின் கையில் தரும் காகிதத்தில் இருப்பது, வேலைக்கு முன் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஆகாது. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் வழக்கின் உயிர் ஆதாரத்தில் இருக்கிறது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன ரேடியேட்டர். இன்ஜினின் சூடான கூலன்ட் அதற்குள் ஓடுகிறது. மறுபடி ஒழுகியதற்குப் புதிய கோரே மட்டமானதாக இருந்திருக்கலாம், ஓஸ் கிளாம்பைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கலாம். அல்லது ஹெட் கேஸ்கெட் முன்பே பழுதாகி, அந்த அழுத்தத்தில் கூலன்ட் வெளியே வந்திருக்கலாம். முதல் இரண்டும் அவர்கள் தலையில் விழும். மூன்றாவதில் அவர்களுக்கு ஒரு வாதம் கிடைக்கும். எது நடந்தது என்பதை வேறொரு அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்து, காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வண்டி கைக்கு வந்தாலும் அதுவரை அதில் எதையும் மாற்றாதீர்கள். ஒழுக்கை அடைக்கும் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினால் குழாய்களும் அடைபடும், ஆதாரமும் கெடும். கோரைத் தவிர்த்து இரண்டு ஓஸ்களையும் இணைத்து ஓட்டுவது தற்காலிகத்துக்குச் சரிதான், ஆனால் படம் எடுத்துவிட்டு, அறிக்கை வாங்கிய பிறகு. கழற்றிய பழைய கோரையும் கேஸ்கெட்டையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

இனி வண்டியைப் பிடித்து வைத்திருப்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-இன்படி, ஒரு பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தியவர் அதற்குரிய கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லாத வேலைக்குக் கூலி கேட்பதே பலவீனமான கோரிக்கை. எஸ்டிமேட், வாட்ஸ்அப் செய்தி, ஃபோனில் ‘சரி, செய்யுங்கள்’ என்ற ஒரு வார்த்தை என ஏதாவது உண்டா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். இல்லை என்றால், வண்டியை விடச் சொல்லி நோட்டீஸ் அனுப்புங்கள். வண்டி உடனே தேவைப்பட்டால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி ரசீது வாங்கி எடுத்துவிடலாம். பிறகு திரும்பக் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(8)-இன்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கவும் வழி உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலை ஏறும்போது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தும் ஓட்டினீர்களா? வாடை திரும்பிய பிறகும் கூலன்ட் அளவைப் பார்க்காமல் விட்டீர்களா? அப்படியானால் இன்ஜின் சேதத்தில் ஒரு பங்கு உங்களுடையது என்று எதிர்த்தரப்பு வாதாடும்; ஆணையமும் அதை ஏற்கக்கூடும். எனவே இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனியாக வையுங்கள். முதல் பில் 16,500 ரூபாய் வலுவானது. இன்ஜின் செலவு மெக்கானிக் அறிக்கையைப் பொறுத்தது. மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மிகைப்படுத்திய தொகை நியாயமான கோரிக்கையையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

ஒர்க்‌ஷாப் கோவையில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். இதே கார் வாடகைக்கு ஓடியிருந்தால் ‘நுகர்வோர்’ என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் அப்போதும் வழி உண்டு.

அதற்கு முன், ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பில் தேதி, மறுபடி ஒழுகிய தேதி, வண்டி நின்ற இடம், நீங்கள் கேட்கும் தொகை, 15 நாள் அவகாசம் ஆகியவை அதில் இருக்கட்டும். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ஆணையம்வரை போகாமல் அங்கேயே பேசி முடியும் விவகாரங்களும் உண்டு. முதல் பில்லையும் இழுவை வண்டிக்குக் கொடுத்த ரசீதையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். வெப்பத் தாளில் அச்சடித்த பில் சில மாதங்களில் வெளுத்துவிடும்.