சம்மன் சேர்ப்பித்தல்

1723-ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தேசத்து உயர்ந்த நியாயஸ்தலத்தின் முன்னர் விநோதமானதொரு வழக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் ரிச்சர்டு பெண்ட்லி என்னும் பெரும்புலவருடைய பட்டங்களை, அவரை அழைத்து வினவாமலே பறித்திருந்தனர். அது செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அச்சமயம் நீதிபதி பார்ட்டெஸ்கியூ என்பார், ஆதாமின் பிழையை முற்றும் அறிந்த கடவுளும், நீ எங்கேயிருக்கிறாய் என்று அவனை அழைத்து, மறுமொழி கேட்ட பின்னரே தண்டனை விதித்ததை எடுத்துக்காட்டினார். வேதபாட வகுப்பிலிருந்த நம்மவர்க்கு அவ்வதிகாரம் புதியதன்று. அவ்வழைப்பையே கோர்ட்டுகள் சம்மன் என்கின்றன. ஆனால் ஆதாம் ஒளிவதற்கு ஒரு தோட்டமே இருந்தது. திருப்பூரிலோ ஒருவர் ஒளியாமலே காணாமற்போய்விடலாம்.

இதனைச் சற்று விளக்குவோம். ராயபுரத்தில் வாடகைக் கட்டடமொன்றில் பவர் டேபிள் நடத்தும் ஒருவர்மீது, நூல் வாங்கிய பாக்கிக்காக வழக்குத் தொடரப்பட்டதென்று கொள்வோம். ஆர்டர் குறைந்தால் அவர் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களை ஒரே இரவில் வண்டியிலேற்றி அனுப்பர்பாளையத்திற்கோ பல்லடம் சாலைக்கோ கொண்டுபோய்விடுவார். அதிலே வஞ்சகம் யாதுமில்லை. இத்தொழில் அவ்வாறே நடைபெறுகின்றது. பிராதிலோ பழைய பில்லிற் கண்ட விலாசமே எழுதப்பட்டிருக்கும். சனங்கள் பொதுவாக அமீனா என்றழைக்கும் கோர்ட்டுச் சேவகர் அவ்விலாசத்தைத் தேடிக்கொண்டு வருகின்றார்.

அவர் செய்யவேண்டியது யாதென்பதை 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை கூறுகின்றது. கூடுமாயின் பிரதிவாதியிடமே நேரிற் கொடுக்கவேண்டும். இன்றேல் அதிகாரம் பெற்ற ஏஜெண்டிடம் கொடுக்கலாம். அவர் வீட்டிலில்லாமல், விரைவில் வருவாரென்னும் நம்பிக்கையுமின்றி, ஏஜெண்டும் இல்லாதபோது, அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். வேலைக்காரர் குடும்பத்தாரல்லர் என்று சட்டமே விளக்குகின்றது. ஆதியில் இவ்விதி ஆண்மக்களை மட்டுமே கருதிற்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தமே பெண்களையும் சேர்த்தது. கிரிமினல் வழக்குகளில் அக்கட்டு இன்னும் நெடுங்காலம் நின்று, 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே நீங்கிற்று. பனியன் கம்பெனிக்குச் சென்று உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் பெண்ணின் கையில் ஒரு காகிதத்தை ஒப்புவிக்கலாகாதென்றிருந்தது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

ஒருவரும் அகப்படாவிடினோ, பெற்றுக்கொள்ள மறுத்தாலோ, சம்மனின் பிரதியை வெளிக்கதவில் ஒட்டலாம். இங்கேதான் மாணவர் ஊன்றி நோக்கவேண்டும். எக்கதவு? பிரதிவாதி வழக்கமாக வசிக்கும், அல்லது தொழில் நடத்தும், அல்லது உழைத்துப் பிழைக்கும் கட்டடத்தின் கதவு. அவர் காலிசெய்துவிட்ட கட்டடத்தின் கதவன்று. மேலும், தக்க முயற்சியோடு தேடியும் காணாதபோதே ஒட்டவேண்டும். ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு ஒட்டுவது முயற்சியாகாது. எந்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளங் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பவற்றை அவர் அறிக்கையாக எழுதித் தரல் வேண்டும். அவ்வறிக்கை பிரமாண வாக்குமூலத்தால் உறுதி செய்யப்படாதாயின் கோர்ட்டார் அவரை விசாரித்தே தீரவேண்டும். அடையாளங் காட்டியவர் பெயரில்லாமல், "கதவு பூட்டியிருந்தது, ஒட்டினேன்" என்று மட்டும் எழுதிய அறிக்கையை நம்பி ஒருவருடைய சொத்தைத் தீர்ப்பிற்குள்ளாக்குவது தகுமா என்பதே இவ்விதியின் உள்ளக்கிடக்கை.

பூட்டிய கதவுகளுக்கு இவ்வூரில் குறைவில்லை. நொய்யலாற்றின் மாசு காரணமாக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நேற்றுவரை ஆள்நடமாட்டமிருந்த விலாசங்கள் வெறும் எழுத்தாயின. கூட்டு வியாபாரமாயின், கூட்டாளிகளில் ஒருவரிடமோ, தலைமை இடத்தில் நிர்வாகத்தை நடத்துபவரிடமோ கொடுத்தாற் போதும். வாயிற்காவலரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது இதிலடங்காது. வழக்கிற்கு முன்னரே கூட்டு கலைந்ததென்று வாதி அறிந்திருந்தால், பொறுப்புள்ள கூட்டாளி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சேர்ப்பிக்கவேண்டும்.

பதிவுத் தபாலேயன்றி, விரைவுத் தபால், கூரியர், மின்னஞ்சல் ஆகிய வழிகளும் 2002 முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. தபாலை வாங்க மறுத்தால் சம்மன் வரவில்லையென்று பின்னர் சொல்லுதற்கில்லை. மறுத்ததாகத் தபாற்காரர் எழுதிய குறிப்பைக் கொண்டே கிரமமாய்ச் சேர்ந்ததெனக் கோர்ட்டார் அறிவிப்பர்.

எவ்வழியும் பயன்படாதபோது பத்திரிகை விளம்பரம். பிரதிவாதி கடைசியாக வசித்த அல்லது வேலைசெய்த பகுதியில் உலவும் தினசரியில் அதனை வெளியிடவேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இங்கே தைத்துப் பிழைத்து ஊர் திரும்பியவர் கடைசியாக வேலைசெய்த இடம் திருப்பூர். ஆகவே திருப்பூரில் விற்கும் தமிழ்த் தினசரியில் வந்த விளம்பரமே சட்டத்திற்குப் போதும். அவர் தமிழ் படிப்பாரா என்று விதி வினவுவதில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1950-இல் முல்லேன் வழக்கில், இருப்பிடம் தெரிந்தவர்களுக்குப் பத்திரிகை விளம்பரம் போதாதென்று கூறிற்று. நம் விதியும் பிறவழிகள் முடிந்த பின்னரே இதனை அனுமதிக்கின்றது. அவ்வரிசையைக் கோர்ட்டார் இறுகப் பற்றுமளவிற்கே அவ்வேழைக்குப் பாதுகாப்புண்டு.

சம்மன் சேர்ந்து 30 நாளில், கோர்ட்டார் அனுமதித்தால் 90 நாள்வரை, எதிர்வழக்குரை தரலாம். வராதவர்மேல் ஒருதலைப்பட்சமாக டிக்ரி பிறக்கும். பலர் அதனை முதன்முதல் அறிவது ஜப்தியின்போதே. சம்மனுக்கு அகப்படாத கதவு மெஷின்களை ஜப்திசெய்ய மட்டும் எவ்வாறு அகப்படுகின்றதென்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. அந்நிலையிலும் வழி அடைபடவில்லை. 9-ஆம் கட்டளையின் 13-ஆம் விதிப்படி அந்த டிக்ரியை நீக்க மனுச்செய்யலாம். அதற்குரிய கெடு 30 நாள். சம்மன் கிரமமாய்ச் சேர்ந்திருந்தால் டிக்ரி பிறந்த நாளிலிருந்தும், சேராதிருந்தால் அவர் டிக்ரியை அறிந்த நாளிலிருந்தும் அது கணக்கிடப்படும். பத்திரிகை விளம்பரம் இவ்விஷயத்தில் கிரமமான சேர்ப்பாகாதென்று 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் விளக்கியுள்ளது. எனினும், விசாரணைத் தேதியை அறிந்து, வர அவகாசமுமிருந்தவர், சேர்ப்பித்த முறையிலுள்ள பிழையை மட்டும் காட்டித் தப்பவியலாது. ஆகவே அம்மனு விசாரணைக்கு வரும்போது, எவரும் புரட்டாமற் கிடந்த அமீனாவின் அறிக்கையைக் கட்டிலிருந்து எடுத்து, அடையாளங் காட்டியவர் பெயர் அதிலிருக்கின்றதா என்றே முதலிற் பார்ப்பர்.