இலைக்குள் ஒரு காவல்

திண்டுக்கல் சந்தைக்குச் சிறுமலையிலிருந்தும் கீழ்ப்பழனி மலையிலிருந்தும் வரும் மலைவாழைக்குத் தனி மணம் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு நீர்ப்பசை குறைந்த விருப்பாட்சிப் பழமே ஏற்றது என்பர். அவ்வாழைக்கு வாய்த்த பகை முடிக்கொத்து நோய். அசுவினி பரப்பும் நச்சுயிரி புகுந்தால் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் குவியும், தார் ஈனாது. கன்றின் வழியே அடுத்த தலைமுறைக்கும் நோய் தொடரும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவு சுருங்கியமைக்கு இந்நோய் முதன்மைக் காரணம்.

குருதியோ வெள்ளணுக்களோ இல்லாத தாவரம் பகைவனை எவ்வாறு எதிர்கொள்ளும்? இதற்கான முதல் தடயம், திண்டுக்கல் மக்கள் நன்கறிந்த புகையிலையில் கிடைத்தது. 1928ஆம் ஆண்டு அமெரிக்காவில் விங்கார்டு என்பவர், நச்சுயிரி தாக்கிய புகையிலைச் செடியில் அடியிலைகள் கருகியிருக்க, புதுத் தளிர்கள் நலமாய் இருப்பதைக் கண்டார். அதே நச்சுயிரியை மீண்டும் செலுத்தியும் அத்தளிர்கள் நோயுறவில்லை. காரணம் புலப்பட எழுபது ஆண்டுகள் ஆயின. 1999இல் பிரித்தானிய அறிஞர்களான ஆமில்டனும் பால்கோம்பும் தாவரங்களில் மிகச்சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கண்டறிந்தனர்.

நச்சுயிரி பெருகும்போது செல்லுக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. டைசர் வகை நொதி அதனை 21 முதல் 24 நியூக்ளியோடைடு நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோனாட் என்னும் புரதம் அத்துண்டின் ஓரிழையை ஏந்தி, அதற்கு இணையான செய்தியைத் தேடும். திண்டுக்கல் பூட்டுக்கு அதற்குரிய சாவியே பொருந்துவது போல, அவ்விழை தனக்கு இணையான ஆர்.என்.ஏ.வுடன் மட்டுமே பொருந்தும். பொருந்தியதும் அந்த ஆர்.என்.ஏ. வெட்டுண்ணும். செய்தி அழிந்தால் நச்சுயிரிக்குரிய புரதம் உருவாகாது. பகைவனின் உடைந்த துண்டே பகைவனைக் காட்டிக்கொடுக்கிறது! இத்துண்டுகள் புளோயம் வழியே தளிரையும் சென்றடைகின்றன. புகையிலைத் தளிர் பிழைத்தது இதனால்தான். இலையின் வடிவத்தையும் பூக்கும் காலத்தையும் நெறிப்படுத்தும் நுண் ஆர்.என்.ஏ.க்களும் ஏறக்குறைய இம்முறையிலேயே செயல்படுகின்றன.

அவ்வாறாயின் மலைவாழை ஏன் தோற்றது? முடிக்கொத்து நச்சுயிரியிடம் இக்காவலை முடக்கும் புரதங்கள் உள்ளன. காவல் விழிப்பதற்குள் அது பெருகிவிடுகிறது. ஆகவே, துண்டுகளை முன்கூட்டியே வாழைக்குள் உருவாக்கினால் என்ன என்று அறிவியலாளர் எண்ணினர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர், நச்சுயிரி பெருகத் தேவையான மரபணுவிற்கு எதிரான துண்டுகளை இரசுதாளி வாழையே உருவாக்கிக்கொள்ளுமாறு செய்தனர். அசுவினிகளை விட்டுச் சோதித்த பின்னரும் ஆறு மாதங்கள்வரை அக்கன்றுகளில் நோய்க்குறி தோன்றவில்லை. இம்முடிவு 2012இல் வெளியாயிற்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் விருப்பாட்சி வாழையிலேயே இத்தகைய முயற்சியை மேற்கொண்டனர்.

ஆய்வகத்தில் பெற்ற வெற்றி இன்னும் மலைச்சரிவை எட்டவில்லை. மரபணு மாற்றிய வாழை இந்தியாவில் சாகுபடிக்கு வரவில்லை. இன்றைய உழவர் நச்சுயிரியற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை நடுகிறார். நோயுற்ற வாழையைக் கண்டால் கிழங்கோடு அகழ்ந்து அழிக்கிறார்.