மாத்திரை போட்டால் புற்றுநோய் வராதா?

எங்கள் படிப்பு மையத்துக்கு ஒரு பெரியம்மா வருகிறார். ஒருநாள் ஒரு மாத்திரைப் புட்டியைக் கொண்டுவந்தார்.

"தம்பி, இது புற்றுநோயைத் தடுக்குமாம். கடைக்காரர் சொன்னார். விலை 500 ரூபாய். உன் பெரியப்பா பீடியை விடமாட்டேன் என்கிறார். இதையாவது கொடுக்கலாமா?"

புட்டியில் 'செலினியம்' என்று எழுதியிருந்தது. எனக்கும் விவரம் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

செலினியம் ஒரு தாதுச்சத்து. இரும்பைப் போல இதுவும் உடலுக்குத் தேவை. ஆனால் மிகக் கொஞ்சம் போதும். தானியம், மீன், முட்டை ஆகியவற்றில் கிடைக்கிறது.

சீனாவில் லின்சியன் என்ற பகுதி இருக்கிறது. அங்கே உணவில் சத்து குறைவு. 1986 முதல் 1991 வரை சுமார் 30,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குச் செலினியமும் இரண்டு வைட்டமின்களும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களில் புற்றுநோயால் இறந்தவர்கள் சற்றுக் குறைவு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001-இல் இன்னோர் ஆய்வு தொடங்கியது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தார்கள். ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயைச் செலினியம் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2014-இல் இன்னொன்றும் தெரிந்தது. சிலர் உடலில் முன்பே செலினியம் நிறைய இருந்தது. அவர்கள் மாத்திரையும் சாப்பிட்டபோது, கடுமையான புற்றுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஏன் இப்படி? குழம்பில் உப்பு இல்லையென்றால் போடுகிறோம். சரியாக இருக்கும் குழம்பில் மேலும் போட்டால் என்ன ஆகும்? அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். இரத்தசோகைக்குச் சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் தருகிறார்கள். அதை நிறுத்தக் கூடாது. அது குறையைப் பார்த்து, அளவோடு தரும் மருந்து.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"அப்போ பீடிக்கு?" என்றார்.

"பீடியின் கெடுதலைப் போக்க மாத்திரை இல்லை, பெரியம்மா. விடுவதுதான் வழி. புகைப்பதை விட்டுப் பத்து ஆண்டு ஆனால், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும்."

மறுநாள் பெரியப்பாவும் மையத்துக்கு வந்தார். சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்தது. "பத்து வருஷமா? இன்றைக்கே தொடங்கினால்தானே ஆகும்!" என்றார். கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பேசுவோம்:
1. உங்கள் வீட்டில் யாராவது டாக்டரைக் கேட்காமல் சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா?
2. இரும்புச்சத்து மாத்திரை யாருக்குத் தேவை?
3. புகையிலையை விட உங்கள் வீட்டில் யாருக்கு உதவி வேண்டும்?