மறியல் முதல் சட்டம் வரை

நுழையும்முன்

தீமையை விலக்குமாறு அறநூல்கள் அறிவுறுத்துகின்றன. மக்கள் அதற்காகப் போராடுகின்றனர். அரசு சட்டம் இயற்றுகிறது. இம்மூன்றும் ஒன்றுசேரும்போது சமூகத்தில் மாற்றம் நிகழ்கிறது. ஆனால், இயற்றிய சட்டம் நிலைத்து நிற்க வேறு சிலவும் தேவைப்படுகின்றன. அவை எவை என்பதைத் தமிழ்நாட்டின் மதுவிலக்கு வரலாறு காட்டுகிறது.

அறமும் ஏலமும்

தமிழரின் பழைய இலக்கியம் கள்ளை அறியாததன்று. மன்னர்களும் பாணர்களும் புலவர்களும் தேறல் அருந்தி மகிழ்ந்த காட்சிகள் சங்கப் பாடல்களில் உள்ளன. அதியமானும் ஔவையாரும் கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பைப் புறநானூறு பேசுகிறது. அதே தமிழில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். குடிப்பதும் குடியைக் கடிவதும் நம் மண்ணில் நெடுங்காலமாக உடனிருந்தவை. அந்நாளில் அது தனிமனித ஒழுக்கம் பற்றிய பேச்சாகவே இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலை மாறியது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆயத்தீர்வைச் சட்டத்தின்படி, மது காய்ச்சவும் இறக்கவும் விற்கவும் அரசின் உரிமம் தேவைப்பட்டது. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஏலம் விடப்பட்டன. உயர்ந்த தொகைக்கு ஏலம் எடுத்தவர் அத்தொகையை ஈட்ட மிகுதியாக விற்க வேண்டியிருந்தது. விற்பனை பெருகப் பெருக அடுத்த ஆண்டின் ஏலத்தொகையும் உயர்ந்தது. சென்னை மாகாண வருவாயில் நிலவரிக்கு அடுத்த இடம் ஆயத்தீர்வைக்கு உரியதாயிற்று. குடிப்பவரின் கூலி கடைக்காரர் வழியாகக் கருவூலம் சென்று சேர்ந்தது. எனவே, குடியை எதிர்த்தவர்கள் குடிப்பவரிடம் மட்டும் பேசிப் பயனில்லை என்பதை உணர்ந்தனர். அரசிடமும் பேச வேண்டியிருந்தது. அறவுரை அரசியலாக மாறிய இடம் இதுவே.

கூலி நாளன்று உழவுத் தொழிலாளியும் நெசவாளியும் ஆலைத் தொழிலாளியும் கடைவாயிலைக் கடந்தே வீடு சேர வேண்டும். அன்று கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பது வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு விடை தெரியாத வினாவாக இருந்தது. மதுவிலக்குப் போராட்டத்தின் முன்வரிசையில் பெண்கள் நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஈரோட்டில் எழுந்த மறியல்

ஒத்துழையாமை இயக்கத்தின் ஒரு பகுதியாக 1921ஆம் ஆண்டு கள்ளுக்கடை மறியல் தமிழகமெங்கும் பரவியது. அப்போது காங்கிரசில் இருந்த தந்தை பெரியார், கள்ளுக்குப் பயன்படக் கூடாது எனத் தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். பிறரை இழக்கச் சொல்லும் முன்னர்த் தாம் இழந்து காட்டிய செயல் அது. ஈரோட்டில் மறியல் செய்து அவர் சிறை சென்றபோது, துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தடையாணையை மீறிப் போராட்டத்தைத் தொடர்ந்தனர். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள இரு பெண்களின் கையில் இருக்கிறது என்னும் பொருள்படக் காந்தியடிகள் கூறியதாகச் சொல்லப்படுவது அவர்களைக் குறித்தே.

மறியலுக்கு வலிமை உண்டு, வரம்பும் உண்டு. மறியல் நடக்கும் நாளில் கடை வெறிச்சோடும். மறியலர் சிறை சென்றபின் மீண்டும் கூட்டம் சேரும். 1931ஆம் ஆண்டு காந்தி - இர்வின் உடன்படிக்கை அமைதியான மறியலை ஏற்றுக்கொண்டது. ஆயினும், கடைக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. கடையை நிலையாக மூட வேண்டுமெனில் சட்டமன்றத்தில் இடம்பெற வேண்டும் என்பது தெளிவாயிற்று.

> தெரிந்து தெளிவோம்
>
> இராஜாஜி 1925ஆம் ஆண்டு திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மதுவின் தீமையை மக்களுக்கு விளக்க அங்கிருந்து 1929ஆம் ஆண்டு 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கினார். எளிய நடையில் அமைந்த கதைகளும் படங்களும் அதில் இடம்பெற்றன. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி அவ்விதழில் உதவியாசிரியராகப் பணியாற்றினார்.

சேலத்தில் மூடிய கடைகள்

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு வென்றது. ஜூலைத் திங்களில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். பொறுப்பேற்ற மூன்று திங்களுக்குள் சென்னை மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களும் அந்நாளில் சேலத்துள் அடங்கியிருந்தன.

மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் சட்டத்தின்கீழ்க் கொண்டுவராமல், ஒரு மாவட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக விரிப்பதே அரசின் திட்டம். அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. மரமேறிகள் வாழ்விழக்கக் கூடும் என்பதும் எண்ணிப் பார்க்கப்பட்டது. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் சாறு புளிக்காது; அது பதநீராகும். அதனைக் காய்ச்சினால் கருப்பட்டியாகும். அவ்வாறு பதநீர் இறக்க இசைவு வழங்கப்பட்டது. கள் தந்த மரமே கருப்பட்டி தர முடியும் என்பதால், ஒரு தொழிலை அழிக்காமல் திசைதிருப்ப வழி இருந்தது. எனினும், கள்ளிறக்கி வாழ்ந்த எல்லாக் குடும்பங்களுக்கும் அம்மாற்றம் எளிதாக அமையவில்லை.

கருவூலத்திற்கு மாற்று வழி

மதுக்கடையை மூடினால் அரசுக்கு வரும் பணம் குறையும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எங்கிருந்து செலவிடுவது என்னும் வினா எழுந்தது. மதுவிலக்கை எதிர்த்தோரின் வலிமையான வாதமும் இதுவே. இராஜாஜி அரசு இதற்குப் புதிய விடை கண்டது. 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் பொதுவான விற்பனை வரியை முதலில் விதித்தது சென்னை மாகாணமே. குடிப்பவரிடமிருந்து மட்டும் பெற்றுவந்த வருவாய்க்கு மாற்றாக, பொருள் வாங்கும் அனைவரும் சிறிது சிறிதாகச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வணிகர்கள் அதனை எதிர்த்தனர். ஆயினும் சட்டம் நிலைபெற்றது.

1939ஆம் ஆண்டு அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. உலகப் போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விற்பனை வரியோ நீடித்தது. எதற்காக ஒரு வரி விதிக்கப்பட்டதோ அந்நோக்கம் நின்றபோதும் வரி நிற்கவில்லை. மக்கள் தந்த மாற்று வருவாயோடு மது வருவாயும் சேர்ந்துகொண்டது.

இராஜபாளையம் தந்த முதலமைச்சர்

போருக்குப் பின் மக்களாட்சி திரும்பியதும் மதுவிலக்கு மீண்டும் பகுதி பகுதியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி அவர்களின் ஆட்சியில், 1948ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் மறைந்தபின் வந்த அவரது முதல் பிறந்தநாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நிறைவெய்தியது. அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் மதுக்கடைகள் இல்லாமற்போயின.

அதன்பின் ஆறு திங்களில் ஆட்சிப் பொறுப்பு இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜாவிடம் வந்தது. 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 6 முதல் 1952ஆம் ஆண்டு ஏப்ரல் வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் இந்தியா குடியரசானபோது சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக விளங்கியவர் அவரே. அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பு, உடல்நலத்திற்குக் கேடு செய்யும் போதைப் பொருள்களை விலக்க அரசு முயல வேண்டும் என நெறிகாட்டுகிறது.

புதிய சட்டத்தை இயற்றுவோர்க்குப் புகழ் எளிதில் சேரும். இயற்றிய சட்டத்தைக் குன்றாமல் காப்போர் பெரிதும் பேசப்படுவதில்லை. மாநிலம் முழுவதற்குமான மதுவிலக்கின் தொடக்க ஆண்டுகளைக் காத்து நடத்தும் பணி குமாரசாமி ராஜாவின் அரசுக்கு வாய்த்தது. தம் இல்லத்தையே கலை வளர்ச்சிக்கெனக் கொடையளித்தவர் அவர். இராஜபாளையத்தின் காந்தி கலைமன்றம் அக்கொடையின் அடையாளமாகத் திகழ்கிறது.

கடல்கடந்த ஒப்பீடு

இதே சிக்கலை அமெரிக்காவும் எதிர்கொண்டது. 1893ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் தோன்றிய மதுக்கடை எதிர்ப்புச் சங்கம், எக்கட்சியையும் சாராமல் ஒரே கோரிக்கையை முன்வைத்தது. மதுக்கடையை எதிர்க்கும் வேட்பாளர் எக்கட்சியினராயினும் அவருக்கே வாக்களிக்குமாறு வேண்டியது. ஊர்மக்களே வாக்களித்துத் தம் ஊரில் கடை வேண்டுமா என முடிவு செய்யும் உரிமையை மாநிலச் சட்டங்களின் வழியாகப் பெற்றுத் தந்தது. ஊர், மாவட்டம், மாநிலம் என விரிந்த அம்முயற்சி 1920ஆம் ஆண்டு நாடு முழுவதற்குமான மதுவிலக்காக வளர்ந்தது.

அங்கும் வருவாயே திருப்புமுனையாக அமைந்தது. 1913ஆம் ஆண்டு வருமான வரிக்கு அரசமைப்பு இடமளித்தபின், மதுவரியின்றியும் அரசு இயங்கலாம் என்னும் நிலை உருவானது. ஆனால், கள்ளத்தனமான விற்பனையும் அதனைச் சார்ந்த குற்றங்களும் பெருகின. பொருளாதார வீழ்ச்சியால் அரசின் வருவாய் சுருங்கியது. 1933ஆம் ஆண்டு அந்நாடு மதுவிலக்கைக் கைவிட்டது.

விலக்கு விலகிய காலம்

தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. நிதி நெருக்கடியும், அண்டை மாநிலங்களில் மது தடையின்றிக் கிடைத்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. அம்முடிவைக் கைவிடுமாறு வேண்ட, 92 வயது நிரம்பிய இராஜாஜி முதலமைச்சரின் இல்லத்திற்கே சென்றார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. சில ஆண்டுகளில் மதுவிலக்கு திரும்பியது. 1981ஆம் ஆண்டு மீண்டும் தளர்ந்தது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. ஏலம் விட்ட அரசு, தானே கடைக்காரராயிற்று.

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. கடைகளை மூட இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இன்றைய மதுக்கடைகளுக்கான விதிகள் அச்சட்டத்தின்கீழ்தான் வகுக்கப்பட்டுள்ளன. விலக்கப் பிறந்த சட்டமே வழங்கவும் பயன்படுகிறது.

மக்களின் முயற்சி ஓயவில்லை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என 2016ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையோரக் கடைகள் ஊர்களுக்குள் இடம்பெயர முனைந்தபோது, 2017ஆம் ஆண்டு பல ஊர்களில் பெண்கள் திரண்டு தடுத்தனர். கிராம சபைகளிலும் மதுக்கடைக்கு எதிரான தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. தடையின் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2024ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கடை திறந்திருந்த காலத்திலேயே நிகழ்ந்த அவ்விழப்பு, கடை இருப்பதோ மூடுவதோ மட்டும் தீர்வாகாது என்பதை உணர்த்துகிறது.

நிறைவாக

மறியல் கடையின் வாயிலை மறித்தது. சட்டம் அதன் கதவை மூடியது. அக்கதவு மூடியே இருக்க மூன்று தாழ்கள் தேவைப்பட்டன. கருவூலத்திற்கு மாற்று வருவாய் ஒன்று. தொழிலிழப்போர்க்கு மாற்றுப் பிழைப்பு மற்றொன்று. சட்டத்தைத் தம்முடையதாகக் கருதும் மக்களின் உறுதி மூன்றாவது. இவற்றுள் ஒன்று கழன்றபோதெல்லாம் கதவு திறந்துகொண்டது. மேடையேறிப் பேசுவோரும் ஆட்சியில் அமர்வோரும் மட்டும் இத்தாழ்களை இட முடியாது. கூலி நாளன்று வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தின் துயரைத் தம் துயராக எண்ணும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு. அப்பங்கை ஏற்கும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்.

அருஞ்சொற்பொருள்

ஆயத்தீர்வை - மது முதலியவற்றின்மீது விதிக்கப்படும் வரி
கருவூலம் - அரசின் பணம் வைக்கும் இடம்
தேறல் - தெளிந்த கள்
பாளை - தென்னை, பனை ஆகியவற்றின் பூங்கொத்தை மூடிய மடல்
தாழ் - தாழ்ப்பாள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் முதியோரைக் கண்டு, மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் குறித்த அவர்களின் நினைவுகளைக் கேட்டுத் தொகுக்க.
2. 'மதுவை ஒழிக்கப் பெரிதும் துணைசெய்வது சட்டமா? மனமாற்றமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. பதநீரிலிருந்து கருப்பட்டி செய்யும் முறையை அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சென்னை மதுவிலக்குச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டம்
அ) கடப்பை ஆ) சேலம் இ) இராமநாதபுரம் ஈ) சித்தூர்

2. மதுவின் தீமையை விளக்க இராஜாஜி தொடங்கிய இதழ்
அ) விமோசனம் ஆ) குடிஅரசு இ) நவசக்தி ஈ) கல்கி

குறுவினா

1. பதநீர் புளிக்காமல் இருக்கச் செய்யப்படுவது யாது?
2. அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பு கூறும் நெறியை எழுதுக.

சிறுவினா

1. கள்ளுக்கடை ஏலமுறை விற்பனையைப் பெருக்கியது எவ்வாறு?
2. 'விலக்கப் பிறந்த சட்டமே வழங்கவும் பயன்படுகிறது' - இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா

சென்னை மாகாணமும் அமெரிக்காவும் மது வருவாய்க்குக் கண்ட மாற்று வழிகளை ஒப்பிட்டு, மதுவிலக்கு நிலைபெறத் தேவையானவை குறித்து உங்கள் கருத்துகளைத் தொகுத்து எழுதுக.