பட்டியலில் இல்லாத மருத்துவமனை

தமிழக அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 2021 ஜூலையில் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தம் தொடங்கியது. அதற்கு முன் 180 ரூபாயாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை என்பது அப்போது செய்த ஏற்பாடு. விருப்பப்பட்டால் சேரலாம் என்ற திட்டம் அல்ல இது. அப்படிக் கட்டாயமாகப் பணம் கட்டியவர் நெஞ்சுவலியோடு போய் நிற்கும்போது, "எங்க ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இல்லையே சார்" என்ற பதில் வருகிறது. அதைச் சுற்றி ஆசிரியர்கள் மத்தியில் உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பட்டியலில் இருக்கின்றன. ஆசிரியர்கள் வீணாகக் குறை சொல்கிறார்கள்.

எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன? பெரிய தனியார் மருத்துவமனைகள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. கலந்தாய்வில் ஜவ்வாது மலைக்கோ கல்வராயன் மலைக்கோ பணியிடம் கிடைத்த ஆசிரியைக்கும் பிடித்தம் அதே தொகைதான். அவருடைய குழந்தைக்கு இரவில் மூச்சுத் திணறினால் அந்த நீண்ட பட்டியல் எந்த வகையில் உதவும்?

பல மருத்துவமனைகள் பட்டியலில் இல்லாததற்குக் கட்டணமும் ஒரு காரணம். ஒவ்வொரு சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனம் தொகுப்புத் தொகை பேசி வைத்திருக்கிறது. அது கட்டுப்படியாகாது என்று நினைக்கும் மருத்துவமனை சேர்வதில்லை. சேர்ந்தவற்றிலும் சில, கேஷ்லெஸ் என்று அனுமதித்துவிட்டு டிஸ்சார்ஜ் நாளன்று மீதித் தொகையைக் கட்டச் சொல்கின்றன. ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இது, நியாயமான புகார். பட்டியலின் நீளத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஒன்றியத்திலிருந்தும் இதயச் சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் எத்தனை மணி நேரம் பயணம் செய்ய வேண்டும் என்று அரசு கணக்கெடுக்க வேண்டும்.

நம்பிக்கை: பட்டியலில் பெயர் இருந்தால் எல்லாச் சிகிச்சையும் அங்கே உண்டு.

இல்லை. அங்கீகாரம் சிகிச்சைப் பிரிவு வாரியாகத் தரப்படுகிறது. கண் சிகிச்சைக்கு மட்டும் சேர்க்கப்பட்ட மருத்துவமனையில் எலும்பு முறிவுக்கு இந்தத் திட்டத்தின் காப்பீட்டு அட்டை செல்லாது. சேரும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நம்பிக்கை: வாசலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் பலகை இருந்தால் போதும்.

அது வேறு திட்டம். பட்டியலும் வேறு.

நம்பிக்கை: பட்டியலுக்கு வெளியே சேர்ந்தால் ஒரு பைசாவும் திரும்பாது.

ஆசிரியர்களுக்கு அதிக நஷ்டம் உண்டாக்கிய நம்பிக்கை இதுதான். பலர் விண்ணப்பமே போடாமல் நகையை அடகு வைத்துக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கிடைப்பது கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதி. செலவான பணத்தைத் திரும்பக் கேட்பது தனி விஷயம்.

2018 ஏப்ரலில், ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி சிவகாந்த் ஜா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மருத்துவமனையின் பெயர் அரசாணையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செலவுத் தொகையை மறுக்கக் கூடாது. சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா, அதற்கு ஆவணங்கள் இருக்கின்றனவா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கு மத்திய அரசுத் திட்டம் பற்றியது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் தமிழக ஊழியர், ஓய்வூதியர் வழக்குகளில் இதே வழியில் பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன.

அதற்காகக் கட்டிய தொகை முழுவதும் திரும்பும் என்று நம்பிவிட வேண்டாம். திட்டம் ஏற்கும் சிகிச்சைக்கு, திட்டம் ஏற்கும் அளவுக்குத்தான் கிடைக்கும், தாமதமும் ஆகும். டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், பரிசோதனை அறிக்கைகள், அவசரமாகச் சேர்க்க நேர்ந்ததற்கான மருத்துவர் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அல்லது வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக விண்ணப்பியுங்கள். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குழு இத்தகைய கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறது. அலுவலகத்தில் யாராவது "இது வராது சார்" என்று வாயால் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பிறகு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால் அந்த மறுப்பு ஆணைதான் வழக்கின் முதல் ஆவணம்.