எஸ்டேட்டில் இன்டர்வியூவா?

அம்பத்தூர் எஸ்டேட் சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கிளம்புகிறவர்களுக்கு:

1. ரயிலில் வந்தால் பட்டரவாக்கத்தில் இறங்குங்கள். பெயரை நம்பி அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கினால் எஸ்டேட் தள்ளிப்போகும். பஸ்ஸிலும் 'அம்பத்தூர் ஓ.டி.' வேறு, 'அம்பத்தூர் எஸ்டேட்' வேறு, கேட்டு ஏறுங்கள்.

2. அடையாள அட்டையை மேல் பையிலேயே வையுங்கள். செக்யூரிட்டி முதலில் கேட்பது அதைத்தான்.

3. ஒரு வாரமாவது பேப்பரில், பேனாவால் புரோகிராம் கோடு எழுதிப் பழகுங்கள். எடிட்டர் தானாக மூடித்தரும் அடைப்புக்குறி, இன்டர்வியூவின் வெள்ளைப் பலகையில் வராது. லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடச் சொன்னபோது, காலி லிஸ்ட் வந்தால் என்ன என்பதையே மறந்து, மார்க்கரும் கையுமாக நின்றவன் நான்.

4. எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். விடை தப்பினாலும் யோசித்த வழி கேள்வி கேட்பவர்களுக்குத் தெரியும்.

5. தெரியாததை ரெஸ்யூமில் போடாதீர்கள். கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.